அந்த மாதம் இரண்டு பத்து

பூட்டானில் பாரோ என்ற ஊரில் வேன் ஓட்டும் லேகி நிதுப்புக்கு வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்ததெல்லாம் சாலைதான். எந்த வளைவில் காலை ஒன்பது மணிக்கு வெயில் கண்ணில் அடிக்கும், எந்தப் பாலத்தருகே குரங்கு குறுக்கே ஓடும், வயிறு சரியில்லாத வெளிநாட்டுக்காரர் எந்த ஊர்க் கழிப்பறையைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். லாரியில் கிளீனராக ஏறி, லாரி ஓட்டுநராகி, முப்பது வயதில் சுற்றுலா வேனுக்கு மாறியவர். இத்தனை வருடத்தில் ஒரு பயணத்திட்டம் எழுதிக்கொடு என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. திட்டம் போடுவது ஆபீஸ்காரர்கள் வேலை. ஓட்டுவது அவர் வேலை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

போன வருடம் குளிர் தொடங்கிய நேரத்தில், முதலாளி குன்சாங் மேடம் அவரைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"பிர்கிட்டான்னு ஒரு அம்மா. ஸ்வீடன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி உன் வேன்ல வந்தாங்களாம். அடுத்த வருஷம் திரும்ப வராங்க. ஒரே ஒரு நிபந்தனை. திட்டத்தை நீதான் போடணுமாம்."

"நானா மேடம்?"

"நானும் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன். உன் பேருதான் இருக்கு. இருபது வருஷமா இந்தத் தொழில்ல நான் என்ன கிழிச்சேன்னு யாரும் கேக்கலை."

லேகி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அவரால் வாசிக்க முடியும். 'தோங்ட்ரோல்' என்ற சொல் மட்டும் சட்டென்று கண்ணில் பட்டது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தோங்ட்ரோல் என்பது மூன்று மாடி உயரத்துக்குப் பட்டில் தைத்த, பௌத்தர்கள் கும்பிடும் குருவின் சித்திரம். திருவிழாவில் ஒரே ஒரு நாள், விடிவதற்கு முன் கோயில் சுவரில் ஏற்றி விரிப்பார்கள். வெயில் படுவதற்குள் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். கண்ணால் பார்த்தாலே பாவம் போகும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. எட்டு வருடத்துக்கு முன் பிர்கிட்டா அம்மாள் அதற்காகத்தான் கிழக்கே பூம்தாங் பக்கம் போனார். ஷெர்தாங் என்ற ஊர், லேகியின் மனைவி செல்தென் பிறந்த ஊர். பூம்தாங் கடைவீதியிலிருந்து நாலு மணி நேரப் பாதை, கடைசி ஒரு மணி நேரம் சேறு.

விழாவுக்கு முந்தின நாள் பிற்பகல் போய்க்கொண்டிருந்தபோது வாயில் வெற்றிலை தீர்ந்துவிட்டது. மலைப்பாதையில் வெற்றிலை இல்லாமல் ஓட்டுவது லேகிக்கு ஒரு கை இல்லாமல் ஓட்டுவது மாதிரி. ஊரா என்ற கிராமத்தைத் தாண்டியதும் ஒரு தகரக் கடையில் நிறுத்தினார். கடைக்காரி பாக்கு வெட்டினாள், சுண்ணாம்பு தேடினாள், அவள் மகள் கல்யாணக் கதையைச் சொன்னாள். இருபது நிமிடம் போயிற்று. அங்கிருந்து மூன்றாவது வளைவில் மலை சரிந்து பாதையை மூடியிருந்தது. அவர்களுக்கு முன்னால் போன இரண்டு வண்டிகள் தாண்டிவிட்டிருந்தன. புல்டோசர் வந்து மண்ணை ஒதுக்க மறுநாள் விடிகாலை நாலு மணி ஆனது. ஊருக்குள் வேன் நுழைந்தபோது இருபது ஆண்கள் ஒரு நீளமான துணிச்சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பிர்கிட்டா அம்மாள் அந்தச் சுருளைப் படம் எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போகும்போது லேகியின் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னார். திட்டியிருந்தால் லேகி அன்றோடு மறந்திருப்பார். நன்றிதான் எட்டு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது.

இருபது நிமிட விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. செல்தெனிடம்கூட.

ஆகவே திட்டத்தை ஒழுங்காகப் போட்டே தீருவது என்று உட்கார்ந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். ஆபீஸ் திட்டத்தில் 'காலை உணவுக்குப் பின் புறப்பாடு' என்று இருக்கும். லேகியின் நோட்டில் 'ஆறே முக்கால், அதற்குப் பிறகு மணல் லாரிகள் வந்துவிடும்' என்று இருந்தது. தோச்சு லா கணவாயில் மேகம் விலகும் நேரம், பாதை வேலைக்காக அடைக்கும் நேரம், பிர்கிட்டா அம்மாளுக்குத் தாங்கும் அளவு மிளகாய் போட்டுப் பாலாடைக்கட்டிக் குழம்பு வைக்கிற பெண்ணின் போன் நம்பர், எல்லாம் இருந்தன. தக்சாங் குகைக் கோயில் ஏற்றத்தையும் கடைசி நாளுக்கு எழுதினார். பூட்டானுக்கு வந்துவிட்டு அதில் ஏறாமல் போனவர் யார்.

தேதிதான் முக்கியம். ஷெர்தாங்கில், பூட்டான் நிலாக் கணக்குப்படி, ஒன்பதாம் மாதம் பத்தாம் நாள் தோங்ட்ரோல். ஸ்வீடனில் பதினொரு மாதம் முன்பே விமானச் சீட்டு எடுத்தாக வேண்டுமாம். புதிய வருடத்து நாள்காட்டி அப்போது அச்சாகியிருக்கவில்லை. சின்ன ஊர்த் திருவிழா என்பதால் அரசாங்கப் பட்டியலிலும் அது கிடையாது. லேகி விரல் விட்டு எண்ணினார். எண்ணி, திரும்ப எண்ணி, சனிக்கிழமை என்று எழுதினார். வெள்ளி மாலை ஊருக்குப் போவது. சனி விடிகாலை தோங்ட்ரோல். ஞாயிறு விடியும் முன்பே கிளம்பிக் காலை ஒன்பதரைக்குப் பூம்தாங்கில் சின்ன விமானம் பிடித்துப் பாரோ. திங்கள் தக்சாங். செவ்வாய் காலை ஸ்வீடன் புறப்பாடு.

"சுத்தமா இருக்கே," என்றார் குன்சாங் மேடம், நோட்டைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டே. "பாக்கப் போனா என் திட்டத்தைவிட நல்லா இருக்கு. வெளிய சொல்லாத."

பத்து மாதம் ஓடியது. புது நாள்காட்டி வந்து லேகி வீட்டு அடுப்பங்கரைச் சுவரில் தொங்கியது. அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எண்ணியாயிற்றே.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலை, செல்தென் நாள்காட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கணவன் கிழக்கே கிளம்புகிற நாள் எப்படி என்று பார்க்கிறாள். நாள் சரியில்லை என்றால் முந்தின நல்ல நாளில் அவர் பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிடுவாள். கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு.

"ஏய்யா, நீ பத்தாம் நாள்னு சொன்னியே, எந்தப் பத்து?"

லேகி வெண்ணெய்த் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். "எந்தப் பத்துன்னா? எத்தனை பத்து இருக்கு?"

"ரெண்டு இருக்கே."

அவர் எழுந்து வந்து பார்த்தார். சனிக்கிழமைக் கட்டத்தில் பத்து. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் பத்து. நிலாவை வைத்துப் போடுகிற கணக்கு அப்படித்தான். ஒரு மாதம் ஒரு தேதி காணாமல் போகும், ஒரு மாதம் ஒரு தேதி இரண்டு தரம் வரும். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். விரலுக்குத்தான் தெரியவில்லை.

"உங்க ஊர்ல ரெண்டு பத்து வந்தா என்னைக்கு விரிப்பாங்க?"

"நான் என்னத்தக் கண்டேன். பத்தொம்பது வயசுல உன் பின்னாடி வந்துட்டேன். ஜம்பேகிட்ட கேளு."

ஜம்பே செல்தெனின் தம்பி. ஷெர்தாங் கோயிலைப் பார்த்துக்கொள்பவன். விளக்குக்கு வெண்ணெய் ஊற்றுவது முதல் தோங்ட்ரோல் பெட்டிச் சாவி வரை அவன் பொறுப்பு. அந்த ஊரில் போன் எடுக்க வேண்டுமானால் கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறை மேல் ஏற வேண்டும். ஆறாவது தடவைதான் எடுத்தான். காற்று இரைந்தது.

"மச்சான், சாப்ட்டியா?"

"அதெல்லாம் ஆச்சு. இந்தத் தடவை ரெண்டு பத்து வருதே, திரையை என்னைக்கு விரிப்பீங்க?"

"ரெண்டாவது பத்துக்கு."

"முதல் பத்துக்கு இல்லையா?"

"முதல் பத்து சாமிக்கு, ரெண்டாவது பத்து சனத்துக்கு. முதல் நாள் கதவைச் சாத்திட்டு உள்ளுக்குள்ள பூசை, வெளிய முகமூடி ஆட்டம். திரை மறுநாள். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். இருபத்தெட்டு வருஷமா எங்க வீட்டு மாப்பிள்ளையா இருக்க, கறியும் சோறும் தின்னதைத் தவிர ஒண்ணும் கவனிக்கலையா?"

"அதை ஒரு நாள் முன்னாடி மாத்த முடியாதா?"

"மச்சான், நீ குடிச்சிருக்கியா?"

"இல்லடா."

"அப்ப குடி. குடிச்சிட்டுப் படு," என்று போனை வைத்துவிட்டான்.

ஞாயிறு விடிகாலை ஊரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிர்கிட்டா அம்மாள் வேனில் விமானத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். எட்டு வருடத்துக்கு முன் இருபது நிமிடத்தில் தவறவிட்டார். இந்த முறை லேகியே கைப்பட எழுதிக்கொடுத்து, தேதி போட்டுத் தவறவிட வைக்கப்போகிறார்.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார். வேனில் போகத் தோன்றவில்லை.

குன்சாங் மேடம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "விரல் விட்டு எண்ணினியா?"

"ஆமா மேடம்."

"இந்தக் காலத்துல?"

"அப்ப நாள்காட்டி வரலையே மேடம்."

"வந்து எட்டு மாசம் ஆச்சே. உன் வீட்டுச் சுவத்துலயே தொங்குதே." பிறகு அவரே விமானக் கம்பெனிக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை சின்ன விமானம் கிடையாது. அடுத்தது புதன். ஸ்வீடன் சீட்டை மாற்ற முடியாது. "சாலை வழியா ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பினா செவ்வாய் விடியறதுக்குள்ள பாரோ வந்துருவியா?"

"திரையைச் சுருட்டின உடனே கிளம்பினா ராத்திரிக்கு த்ரோங்சா. திங்க சாயங்காலம் பாரோ. பாதை தொறந்திருந்தா."

"மூடியிருந்தா?"

லேகி நோட்டை மூடி வைத்தார். அந்தப் பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"அதோட தக்சாங் போயிரும். சீமைக்காரங்க யாருமே தக்சாங்கை விட மாட்டாங்க. எதை விடறதுன்னு அவங்கதான் சொல்லணும். நான் பேச மாட்டேன். திட்டம் யாருது?"

"என்னுது மேடம்."

"அப்ப நீ பேசு," என்று போனை அவர் பக்கம் தள்ளினார்.

ஸ்வீடனில் அப்போது அதிகாலை. லேகி பகல் முழுவதும் காத்திருந்தார். வேனை இரண்டு தடவை கழுவினார். மூன்றாவது தடவை வாளியை எடுத்தபோது மேடம் ஜன்னல் வழியாக, "பெயிண்டு போயிரப் போகுது," என்றார். சாயங்காலம் நாலு மணிக்குப் பேசினார். அவருடைய ஆங்கிலம் காரோட்டுகிற ஆங்கிலம். இடது, வலது, மெதுவாக, பார்த்து இறங்குங்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டு பத்து வருகிற மாதத்தை விளக்குவது சாதாரண வேலை இல்லை. ஆனால் அந்த அம்மாள் தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவர். தப்பும் தவறுமாகச் சொல்வதைப் புரிந்துகொள்வதே அவருக்கு உத்தியோகமாக இருந்தது.

"ஒரே தேதி ரெண்டு தடவையா?" என்றார். "எங்க ஆபீசுல அப்படி ஒண்ணு இருந்திருந்தா எனக்கு எவ்வளவு உதவியா இருந்திருக்கும். சரி, ரெண்டாவது நாளுக்கு நாம இருப்போமா?"

"இருக்கலாம்மா. ஆனா விமானம் இல்ல. ரெண்டு நாள் ரோட்டுல வரணும். தக்சாங் ஏற முடியாது. நீங்க அதுக்காக எவ்வளவு..."

"என்ன முடியாது?"

"தக்சாங். மலை ஏறறது. அதுக்கு நாள் இல்ல."

லேகி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு சிரிப்பு கேட்டது. "மிஸ்டர் லேகி, என் வலது முட்டி போன வருஷமே போயிடுச்சு. உங்க திட்டத்துல அந்த ஏத்தத்தைப் பாத்ததுலேருந்து எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன். நீங்க ஆசையா எழுதியிருப்பீங்க, மனசு நோகுமேன்னு பேசாம இருந்தேன். தினம் வீட்டு மாடிப்படியில ஏறி இறங்கிப் பழகறேன். நேத்து விழப் பாத்தேன்."

லேகி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். முதுகு வேர்த்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப வேண்டாங்கறீங்களா?"

"வேண்டவே வேண்டாம். கீழேயிருந்து பாத்தா போதும். படம் எடுத்துக்கறேன்."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் இறுக்கம் ஒரு தரம் இளகிவிட்டால் நாக்கு நிற்பதில்லை. லேகி சொல்லிவிட்டார். எட்டு வருடத்துக்கு முன் ஊரா தாண்டி ஒரு கடையில் நிறுத்தியது பிர்கிட்டா அம்மாளுக்கு ஞாபகம் இருக்கிறதா, வெற்றிலை வாங்க நிறுத்தியது, அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் மண் சரிவதற்கு முன்னாலேயே தாண்டியிருப்போம் என்று. சொல்லும்போது குன்சாங் மேடம் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்தக் கடை," என்றார் பிர்கிட்டா அம்மாள் மெதுவாக. "வாசல்ல மிளகாய் காயப் போட்டிருந்தாங்க. ஆமா. ஆனா மிஸ்டர் லேகி, அன்னைக்குக் காலையில த்ரோங்சா ஓட்டல்லேருந்து நாம எத்தனை மணிக்குக் கிளம்பினோம்?"

"ஏழரை... இல்ல. எட்டேகால்."

"ஏழரைக்குக் கிளம்பணும்னு நீங்க சொன்னீங்க. என் ஒரு கையுறையக் காணோம்னு முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில சட்டைப் பையில இருந்துச்சு. வெக்கத்துல உங்ககிட்ட சொல்லலை. நீங்க சொன்ன நேரத்தை நான் கேக்காததாலதான் தவறிப்போச்சுன்னு எட்டு வருஷமா நெனச்சிட்டிருக்கேன். அதான் இந்தத் தடவை நீங்களே திட்டம் போடணும்னு எழுதினேன்."

லேகி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"உங்களோடது முக்கால் மணி," என்றார்.

"உங்களோடது இருபது நிமிஷம்தான். அதுல பெருமைப்பட்டுக்காதீங்க."

போனை வைத்ததும் குன்சாங் மேடம், "அப்ப எட்டு வருஷமா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றார். "நல்லா இருக்கு. போய் நோட்டைத் திருத்து. பென்சில்ல எழுது இனிமே."

அன்று சாயங்காலம் லேகி செல்தெனிடமும் சொன்னார். அவள் மிளகாய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவுதானா? நீ அப்பப்ப தூக்கத்துல இருபது நிமிஷம், இருபது நிமிஷம்னு பொலம்புவ. நான் வேற என்னமோன்னு நெனச்சேன்."

"வேற என்ன?"

"அதைக் கேக்காத. இன்னைக்குத்தான் எனக்கும் நிம்மதி," என்றாள்.

பிர்கிட்டா அம்மாள் வந்தார். முடி இன்னும் வெளுத்திருந்தது. கையுறை இரண்டையும் ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். விமான நிலையத்தில் லேகியைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் தூக்கிக் காட்டினார். லேகியின் பை மட்டும் பரஸ்தானம் வைத்த பக்கத்து வீட்டிலேயே நின்றுவிட்டது. ஷெர்தாங் குளிரில் அவர் மைத்துனன் ஜம்பேயின் கம்பளிச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை, சாமியின் பத்தாம் நாள், கதவு சாத்தியிருந்தது. கோயில் முற்றத்தில் முகமூடி ஆட்டம் நடந்தது. கோமாளி ஒருவன், அங்குள்ள வழக்கப்படி காணிக்கை கேட்டு, மரத்தாலான ஆண்குறியை நீட்டிக்கொண்டு பிர்கிட்டா அம்மாளிடம் ஓடிவந்தான். அவர் பணம் போட்டுவிட்டு அதை முத்திரை குத்துவது மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். ஊர் சிரித்தது. சாப்பாட்டில் கோதுமை அடை இருந்தது, வெண்ணெய் மிதந்தது. லேகிக்கு மட்டும் சரியாக இறங்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜம்பே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், மேகத்துக்கும் திட்டம் போடறியா?"

"மழை வந்தா திரையை விரிப்பீங்களா?"

"வராது."

"வந்தா?"

"மச்சான், நீ எண்ணாத. நீ எண்ணினாத்தான் பயமா இருக்கு."

மழை வரவில்லை. ஞாயிறு விடிவதற்கு முன், நீளக் கொம்புகள் ஊத ஊத, இருபது ஆண்கள் சுருளைத் தோளில் சுமந்து வெளியே வந்தார்கள். அதே சுருள், இப்போது எதிர்த் திசையில். கயிறு இழுக்க இழுக்கத் திரை சுவரில் ஏறி விரிந்தது. முதலில் தாமரை, பிறகு குருவின் கால்கள், மடி, கை, கடைசியில் முகம். கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது. பிர்கிட்டா அம்மாளுக்கு முட்டி மடங்கவில்லை. நின்றபடியே கைகூப்பினார். அவர் அழுதாரா என்று லேகி திரும்பிப் பார்க்கவில்லை. தன் தலையைத் திரையின் கீழ் விளிம்பில் வைத்து, ஒரு நிமிடம் எடுக்காமல் வைத்திருந்தார். பட்டு குளிர்ந்திருந்தது.

கிழக்கு மலை விளிம்பில் வெளிச்சம் ஏறியதும் ஜம்பே கையைக் காட்டினான். சுருட்டினார்கள். ஏழே முக்காலுக்கு வேன் ஷெர்தாங்கை விட்டது.

சேற்றைத் தாண்டினார்கள். எட்டு வருடத்துக்கு முன் சரிந்த இடத்தில் இப்போது கல் கட்டிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். பாதை திறந்திருந்தது. அங்கிருந்து மூன்று வளைவு தாண்டினால் அந்தத் தகரக் கடை. வாசலில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"மிஸ்டர் லேகி, இங்க நிறுத்துங்க."

"நேரம் பத்தாதும்மா. த்ரோங்சா போகணும்."

பிர்கிட்டா அம்மாள் முன் இருக்கையில் கிடந்த நோட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் காட்டினார். அந்த அம்மாளுக்கு எழுத்து புரியாது. ஆனால் பென்சிலால் போட்டிருந்த எண் புரிந்தது. பத்தரைக்கும் பத்தே ஐம்பதுக்கும் நடுவில் லேகி தன் கையாலேயே ஒரு வெற்றிலை வரைந்திருந்தார்.

லேகி வேனை ஓரம் கட்டினார். கடைக்காரி பாக்கு வெட்டினாள், சுண்ணாம்பு தேடினாள். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகளாம். லேகி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, மர பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். பிர்கிட்டா அம்மாளும் ஒன்று வாங்கிக் கடித்துப் பார்த்து, முகம் சிவந்து, பாதியைத் துப்பினார்.

"இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

"நிறைய இருக்கும்மா. உக்காருங்க," என்றார் லேகி.